நம்புவோர் கவலைப்படலாமா?

கவலை இல்லாத வீடு ஒன்றையேனும் நம் பங்கில் காட்ட இயலுமா? தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மகனைப் பற்றிய கவலை ஒரு வீட்டில். வரன் அமையாத மகளைப் பற்றிய கவலை மற்றொரு வீட்டில். வட்டிக்கு வாங்கிய பணம், மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை, கடலுக்குச் சென்று இன்னும் கரை திரும்பாத படகு என ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒன்று காத்து நிற்கிறது. பகலில் வேலைகளுக்கு இடையே அடங்கிக் கிடப்பவை, விளக்கை அணைத்த பின் எழுந்து வந்து தலையணையருகே அமர்ந்துகொள்கின்றன.

இந்தச் சுமை எல்லா மனிதருக்கும் பொது. ஆனால் இறைநம்பிக்கை உடையோருக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் ஏற்றப்படுவதுண்டு. "செபிக்கிறவர் நீங்களே இப்படிக் கவலைப்படலாமா? நம்பிக்கை இருந்தால் மனத்தில் கலக்கம் வருமா?" என்று அன்போடுதான் கேட்கிறார்கள். கேட்டவர் போய்விடுகிறார், கேள்வி தங்கிவிடுகிறது. முன்பு நோயைப் பற்றி மட்டும் அஞ்சியவர், இப்போது அஞ்சுவதைப் பற்றியும் அஞ்சத் தொடங்குகிறார். தம் கலக்கத்தைப் பாவமென எண்ணி ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிடுவோரும் நம்மிடையே உண்டு. ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் கடமையாகிறது. நம்புவோர் கவலைப்படலாமா? நம்பிக்கை நம் கவலையை என்ன செய்கிறது?

ஒரு சொல், இரு முகங்கள்

தமிழில் 'கவலை' என்னும் சொல் மனத்துயரை மட்டும் குறிப்பதன்று. கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் வழிக்கும் பண்டைத் தமிழர் கவலை என்றே பெயரிட்டனர். எவ்வழி செல்வது என்று அறியாமல் சந்திப்பில் திகைத்து நிற்கும் வழிப்போக்கனின் நிலைதான் கவலைப்படும் மனத்தின் நிலையும். உடல் ஓரிடத்தில் இருக்கிறது; மனமோ நாளைக்கும் நேற்றைக்குமாகப் பல வழிகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. மனக்கவலையை மாற்றுவது எளிதன்று என்பதை உணர்ந்த வள்ளுவரும், அதனை இறைவன் திருவடியைச் சேர்வதோடு இணைத்துக் கடவுள் வாழ்த்திலேயே பேசினார்.

அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்பையும் கொங்கு நாட்டு உழவர்கள் கவலை என்று வழங்கினர். மாடுகள் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும். பார்ப்பவருக்கு அது வீண் நடையாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு நடைக்கும் சால் மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும். வடத்தில் சால் கட்டப்படவில்லையெனில் அத்தனை நடையும் வீணே.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதையொத்த ஒரு வியப்பு உண்டு. அங்கே கவலையைக் குறிக்கும் சொல் 'மெரிம்னா'. மலைப்பொழிவில் உணவையும் உடையையும் பற்றிக் கவலைகொள்ள வேண்டாம் என்று ஆண்டவர் கூறும் இடத்தில் இச்சொல்லின் வினை வடிவமே வருகிறது. மார்த்தாவை அவர் கனிவோடு கடிந்துகொள்ளும்போதும் அதுவே வருகிறது. திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதுகையில் எதைப் பற்றியும் கவலைப்படாதிருக்குமாறு பணிப்பதும் அதே சொல்லால்தான்.

ஆனால் அந்தப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தாம் பட்ட அடிகளையும் கப்பல் சேதங்களையும் பட்டியலிட்டு முடிக்கும்போது, எல்லாத் திருச்சபைகளையும் பற்றித் தம்மை நாள்தோறும் அழுத்தும் கவலையைக் குறிப்பிடுகிறார். அங்கும் அதே 'மெரிம்னா'. பிலிப்பியருக்கு எழுதிய அதே திருமுகத்தில், அவர்கள்மீது உண்மையான அக்கறை கொண்டவர் என்று திமொத்தேயுவைப் பாராட்டுகிறார். அந்த அக்கறைக்கும் அதே சொல்லே.

கவலைப்படாதீர் என்றவர் கவலைப்பட்டார். இதில் முரண்பாடு ஏதும் உண்டோ? இல்லை என்றே நாம் கருதுகிறோம். ஒரே ஆற்றல் இரு திசைகளில் பாய்கிறது. அது தன்னைச் சுற்றியே சுழன்றால் மனத்தைக் கூறுபோடுகிறது. அன்பினால் இன்னொருவரை நோக்கித் திரும்பினால் அக்கறையாகிறது. நம்பிக்கை கவலையைப் பிடுங்கி எறிவதில்லை. அதன் திசையை மாற்றுகிறது. வெறும் வடத்தில் சாலைக் கட்டுகிறது.

ஆண்டவரின் கலக்கம்

கவலையே அவநம்பிக்கை என்று துணிந்து சொல்வோர் கெத்சமனித் தோட்டத்தின் வாயிலில் ஒருகணம் நின்று பார்க்க வேண்டும். அங்கே இறைமகன் அஞ்சுகிறார், கலங்குகிறார். அவருடைய வியர்வை பெரும் இரத்தத் துளிகளைப் போல நிலத்தில் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். தந்தையின்மீது அவருக்கு நம்பிக்கை குறைவு என்று நம்மில் எவரேனும் கூறத் துணிவோமா?

அந்த இரவில் அவர் செய்தவற்றைக் கவனிப்போம். சீடர் மூவரை உடன் அழைத்துச் சென்றார். தம் துயரத்தை அவர்களிடம் மறைக்காமல் சொன்னார். தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். பின்னர்த் தந்தையிடம் சென்று, தாம் விரும்புவது எதுவோ அதையே விண்ணப்பித்தார். துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆயினும் செபத்தை முடித்து எழுந்தவர், வருவதை எதிர்கொள்ளத் தாமே முன்னே நடந்தார். கலக்கம் வராமல் தடுப்பது செபத்தின் பயன் அன்று. கலங்கிய நிலையிலும் எழுந்து நடக்கச் செய்வதே அதன் பயன் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே கற்போம்?

திருப்பாடல்கள் நூலைப் புகழ்ச்சிப் பாடல்களின் தொகுப்பு என்று எண்ணுகிறோம். ஆனால் அதில் புலம்பல்களின் பங்கு பெரிது. 88ஆம் திருப்பாடல் மீட்பின் இறைவனை நோக்கிய கூக்குரலோடு தொடங்கி, விடியலைக் காணாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் திருப்புகழ்மாலையில் வைத்திருக்கிறது; ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டிலும் செபிக்கிறது. விடை கிடைக்காத இரவையும் இறைவனிடம் கொண்டுசெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புனித அன்னை தெரேசாவின் திருமுகங்கள் 2007ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது பலர் திகைத்தனர். பல்லாண்டுகளாக அவர் உள்ளத்தில் ஆறுதல் இல்லை. இறைவனின் உடனிருப்பை அவர் உணரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையிலும் எழுந்து பணிக்குச் சென்றார். நம்பிக்கை என்பது இனிய உணர்வு மட்டுமே எனில் அவரை நம்பிக்கையற்றவர் என்றே சொல்ல நேரும். 2016ஆம் ஆண்டில் திருச்சபையோ அவரைப் புனிதர் என அறிவித்தது.

மூன்று வழிகள்

நம்பிக்கையாளர் தம் இன்னல்களை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலறிஞர் கென்னத் பர்கமென்டும் அவருடைய துணைவர்களும் 1988இல் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினர். இறைவன் அறிவைத் தந்திருக்கிறார், இனி என் பாட்டை நானே பார்த்துக்கொள்வேன் என்பது ஒரு வழி. எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டேன், நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகட்டி இருப்பது இரண்டாம் வழி. அவரும் நானும் சேர்ந்து சுமப்போம் என்பது மூன்றாம் வழி.

நம் வீடுகளில் இம்மூன்றையும் காண்கிறோம். கடன் கழுத்தை நெரிக்கும்போது, செபமும் வேண்டாம், பிறர் துணையும் வேண்டாம் என்று தன்னந்தனியே கணக்குப் போட்டு இரவெல்லாம் விழித்திருப்பவர் ஒருவர். நவநாள் முடியட்டும், எல்லாம் சரியாகும் என்று கடன் கொடுத்தவரைச் சந்திப்பதையே தவிர்ப்பவர் ஒருவர். காலைத் திருப்பலியில் தம் கலக்கத்தைக் காணிக்கையாக வைத்துவிட்டு, அன்று பிற்பகலே கடன் கொடுத்தவரிடம் சென்று தவணை கேட்பவர் ஒருவர். இரண்டாமவரின் அமைதியைப் பலர் பக்தி என்று தவறாக மதிக்கின்றனர். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குச் சரணடைதல் என்று பெயர் சூட்டிவிட்டால் அது புண்ணியமாகிவிடாது.

மூன்றாம் வழிக்கு நமக்கு ஒரு காவலர் உண்டு. வீரமாமுனிவர் தம் தேம்பாவணியின் தலைவராக ஏற்ற புனித யோசேப்பே அவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது, தம் மேசைமீது உறங்கும் யோசேப்பின் உருவம் ஒன்று இருப்பதாகவும், இடர் வரும்போது அதனைச் சிறு தாளில் எழுதி அவ்வுருவத்தின் அடியில் வைப்பதாகவும் கூறினார். எளிய பக்திதான், ஆனால் அதன் பொருள் ஆழமானது. யோசேப்பு உறங்கினார்; உறக்கத்தில் இறைவனின் சொல்லைக் கேட்டார். ஆனால் உறங்கிக்கொண்டே இருக்கவில்லை. இரவோடு இரவாக எழுந்தார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். உறங்குமளவுக்கு இறைவனை நம்புதலும், எழுந்து நடக்குமளவுக்குத் தம் பொறுப்பை உணர்தலும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

நம்பிக்கையே காயமாகும்போது

நம்பிக்கை எப்போதும் மருந்தாகவே இருக்கிறது என்று நாம் சொல்ல விரும்புகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. பர்கமென்டும் மற்றவர்களும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளரை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தது. இறைவன் தம்மைக் கைவிட்டார், தம்மீது அவருக்கு அன்பில்லை என்று எண்ணி மனம் நொந்தவர்களிடையே இறப்பின் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் மிகுந்திருந்ததாக அது கண்டது. நோயின் கடுமை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நீடித்தது. ஓர் ஆய்வைக் கொண்டு முடிந்த முடிபு சொல்ல இயலாது. எனினும் இறைவனைப் பற்றி ஒருவர் உள்ளத்தில் நாம் எத்தகைய உருவத்தைப் பதிக்கிறோம் என்பது விளையாட்டான செயலன்று என்பதை உணர இது போதும்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்க இயலுமா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணியரையும் ஊராரையும் வாரிக்கொண்டு போனது. பேராலயம் சேதமின்றி நின்றது. அதனுள் இருந்தோர் உயிர் பிழைத்தனர். பிழைத்தோர் அன்னைக்கு நன்றி கூறினர். அது அவர்களின் உரிமை. ஆனால், அன்னையைக் காண வந்து அதே கரையில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் இருந்தனர். கோயில் தப்பியது மாதாவின் புதுமை என்ற சொல் அவர்கள் காதில் எவ்வாறு விழுந்திருக்கும்? நம் பிள்ளையை மட்டும் அவள் ஏன் காக்கவில்லை என்ற கேள்வியை நாமே அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம் அல்லவா?

அந்த ஞாயிறு திருக்குடும்பப் பெருவிழா. அன்றைக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, யோசேப்பு குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிச் சென்ற பகுதியே. ஆனால் வாசகத்திற்காக இடையே விடப்பட்டிருந்த மூன்று வசனங்களையும் சேர்த்துப் படித்தால் நாம் காண்பது என்ன? ஒரு குழந்தை தப்பியது. பெத்லகேமின் மற்றக் குழந்தைகள் தப்பவில்லை. நற்செய்தியாளர் மத்தேயு இதற்கு விளக்கம் ஏதும் தரவில்லை. அந்தத் தாய்மாருக்கு அறிவுரை கூறவில்லை. தம் மக்களுக்காக அழுது, ஆறுதல் பெற மறுத்த இராகேலை நினைவூட்டுகிறார், அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். ஆறுதல் பெற மறுக்கும் அழுகைக்கும் நற்செய்தியில் இடமுண்டு என்பது நமக்கு எத்துணைப் பெரிய பாடம்!

யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருந்தனர். அவர்கள் செய்த நன்மை அது ஒன்றே. வாய் திறந்து இறைவனுக்காக வாதாடத் தொடங்கியபோதுதான் நண்பரைப் புண்படுத்தினர். அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று இறுதியில் ஆண்டவரே சினந்துகொண்டார். துக்க வீட்டில் "எல்லாம் இறைவன் சித்தம்" என்று சொல்ல நாவெழும்போது, இதனை நினைத்துக்கொள்வது நமக்கு நலம்.

அப்பமும் தண்ணீரும்

இறைவாக்கினர் எலியா ஒருநாள் பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் மன்றாடினார். அதற்கு வானிலிருந்து வந்த முதல் மறுமொழி மறையுரை அன்று, கண்டனமும் அன்று. தூதர் அவரைத் தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். உண்டவர் மீண்டும் படுத்துறங்கினார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்த பின்னரே பயணத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. உடலையும் உறக்கத்தையும் மறந்து உள்ளத்தை மட்டும் தேற்ற இறைவனே முற்படவில்லை.

புனித இஞ்ஞாசியார் மனமாற்றத்திற்குப் பின் 1522இல் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது, முன்னரே அறிக்கையிட்ட பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயம் அவரை ஓயாது வருத்தியது. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூடத் தலைதூக்கியது. ஒரு வாரம் உண்ணா நோன்பிருந்தார். அவருடைய ஒப்புரவாளர் செய்தது என்ன? நோன்பை நிறுத்தி உண்ணுமாறு கட்டளையிட்டார். பக்தி மிகுவதே எல்லா நோய்க்கும் மருந்தன்று; சில வேளைகளில் பக்தியின் உடையணிந்து நோயே வருவதுண்டு.

ஆகவே உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம்பிக்கைக் குறைவாகாது. மருத்துவரை மதிக்கவேண்டும், அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கடுமையான மன நோய்களும் பெரும் அச்சமும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்பவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழத்தல் ஆகாது என்றும் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எடுத்துரைக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவரை நாம் பழிப்பதில்லை. மனநோய்க்கு மருந்து உண்பவரை மட்டும் செபம் போதவில்லை என்று ஏன் பழிக்க வேண்டும்?

யார் யாரிடம் சொல்வது?

புனித பிரான்சிஸ் சலேசியாரும் இத்துயரை அறிந்தவர். பாரிசில் மாணவராயிருந்தபோது, இறைவன் தம்மை மீட்புக்குத் தெரிந்துகொள்ளவில்லையோ என்ற அச்சம் அவரைப் பல வாரங்கள் வாட்டியது, உடல் நலிந்தது. பின்னாளில் இறையன்பு வாழ்வைப் பற்றி அவர் எழுதி 1609இல் வெளிவந்த நூலில் கவலைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். கண்ணியில் சிக்கிய பறவை படபடக்கப் படபடக்க மேலும் சிக்கிக்கொள்வதை அங்கே எடுத்துக்காட்டுகிறார். அத்துடன் நின்றுவிடவில்லை, உள்ளத்தின் கலக்கத்தை ஆன்ம வழிகாட்டியிடமோ நம்பத்தக்க நண்பரிடமோ திறந்து சொல்வதே சிறந்த மருந்து என்கிறார்.

அப்படியானால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். நம் பங்குகளில் அத்தகையோர் இருக்கின்றனரா? அன்பியக் கூட்டத்தில் வாசகம் படிக்கிறோம், பாடுகிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். பக்கத்து வீட்டாரின் மூன்று மாத வாடகைப் பாக்கி அங்கே சொல்லப்படாமலேயே எழுந்து வீடு திரும்புகிறது.

வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்ன ஆண்டவர், அடுத்த வேளை உணவு உறுதியில்லாத மக்களிடையே, தலைசாய்க்க இடமற்றவராக நின்று பேசினார். வயிறு நிறைந்த ஒருவர் பசித்த ஒருவரிடம் அதையே சொன்னால் அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் சமாதானமாகப் போய்வா என்று வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடாதவரின் நம்பிக்கையால் பயன் என்ன என்று திருத்தூதர் யாக்கோபு கேட்கிறார். கவலைப்படாதே என்று ஒருவரிடம் சொல்வது, உன் கவலையில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன் என்று வாக்களிப்பதாகும். பங்கேற்க மனமில்லாதவர் அச்சொல்லைச் சொல்லாதிருப்பதே அறம்.

நம் கவலைகளையெல்லாம் இறைவன்மீது சுமத்திவிட அழைக்கிறார் பேதுரு. அழைப்பு மெய்யானது. ஆயின் இறைவன் அச்சுமையைப் பெரும்பாலும் மனிதத் தோள்களைக் கொண்டே தாங்குகிறார். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்ணோடு மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருக்கும் அண்டை வீட்டார், பள்ளிக் கட்டணத்தைச் சத்தமின்றிச் செலுத்திவிடும் வின்சென்ட் தே பவுல் சபையினர், நள்ளிரவில் அழைத்தாலும் நோயில்பூசுதல் தர வரும் பங்குத்தந்தை ஆகியோர் வழியாகவே செபத்தின் மறுமொழி வீடு வந்து சேர்கிறது.

நம்புவோர் கவலைப்படலாமா? படலாம், ஆனால் தனித்துப் பட வேண்டியதில்லை. கலங்கும் உள்ளத்தோடு இறைவன்முன் சென்று உள்ளதை உள்ளவாறு சொல்வோம். நம் கையால் ஆவதை அன்றே செய்வோம். ஆகாததை அவர் கையில் வைத்து உறங்கச் செல்வோம். உறக்கமே வராதெனில் மருத்துவரை நாட வெட்கப்படாதிருப்போம். நாம் சந்திக்கும் மனிதரிடம், ஏன் கவலைப்படுகிறாய் என்று கேட்பதை விடுத்து, எதற்காகக் கவலைப்படுகிறாய் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அமர்ந்திருப்போம்.